உன் மீன்களுக்கு இரை போட்ட நாட்கள்

மணிக்கு,

உன் கல்யாணத்துக்கு வருகிறேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதம் நீளமாகப் போகும் என்று தெரிகிறது. கடைசி வரைக்கும் நீ தவித்துக்கொண்டு படிக்க வேண்டாம். நேற்று மாம்பலத்துச் சித்தி வந்திருந்தாள். உன் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை, ஆனால் விஷயம் எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. "அக்கா, மலையாளத்துப் பொண்ணு, மீன் சாப்பிடற குடும்பம். நீ அங்கே போய் நின்னேன்னா அப்புறம் நம்ம மனுஷா ஒருத்தரும் உன் வாசப்படி ஏற மாட்டா" என்றாள். இப்போது மட்டும் யார் ஏறுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குக்கூட அலுப்பாக இருந்தது. காபி கலந்து கொடுத்து அனுப்பினேன்.

நீ எழுதியிருந்ததில் ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "லீலா வீட்டில் மீன் வாசனை இருக்கும் அம்மா, உன்னால் தாங்க முடியுமா என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து ரொம்ப நாளாயிற்று, தாடை வலித்தது. நீ யுத்தத்திலிருந்து திரும்பி வந்தபோது உன் மீன்தொட்டி காலியாகக் கிடந்தது. மீனெல்லாம் என்னாச்சு என்று கேட்டாய். கடலில் விட்டாச்சு என்றேன். அதற்குமேல் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எனக்கு வயதாகிவிட்டது, மத்தியானத்தில் இரண்டு வரி எழுதினால் விரல் மரத்துப் போகிறது. இன்னும் தள்ளிப் போட்டால் சொல்லாமலே போய்விடுவேன். அதனால் விட்டு விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியான அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய். மாட வீதியில் வீட்டுக்கு வீடு பூட்டு. கோயில் மணி அடித்தால் கேட்க ஆள் இல்லை. உன் காலேஜை மூடியபோது, அங்கே நீ வளர்த்துவந்த மீன்களை என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடித் தொட்டியோடு குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நம் முன்னறை ஜன்னலோரம் வைத்தாய். அப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நீ மீனையும் தவளையையும் அறுக்கிற படிப்புப் படிக்கிறாய் என்பதால், குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், சாப்பாடு பின்கட்டில்தான் என்று அவர் வைத்த சட்டத்தை மூன்று வருஷமாக நீயும் மீறாமல் இருந்தாய். ஆனால் அன்று சாயங்காலம் நீ ஒரு கிண்ணத்தில் இறாலைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டதை அவர் பார்த்துவிட்டார். கோர்ட்டில் மூன்று பாஷையை மாற்றி மாற்றிச் சொல்லிப் பிழைத்த மனுஷர், உன்னிடம் ஒரு பாஷையிலும் நிதானமாகப் பேசவில்லை. "இந்தச் சனியன் இருக்கற ஆத்துல நான் இருக்க மாட்டேன். இல்லேன்னா நீ இருக்கப்படாது" என்றார். நீ "சரிப்பா, நான் போறேன்" என்றாய். அவ்வளவுதான் நடந்தது. பிற்பாடு ஊரில் பெரிய சண்டை என்று பேசிக்கொண்டார்கள், எனக்குத் தெரிந்து அந்த இரண்டு பேச்சுத்தான்.

கப்பல் படையில் சேர்ந்துவிட்டதாக வந்து சொன்ன அன்று, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபடி நீ என் காதோடு சொன்னாய்: "அம்மா, இறாலைப் பொடியா நறுக்கிப் போடு. கொஞ்சமாப் போடு. மிச்சம் கிடந்தா எடுத்துடு, இல்லேன்னா தண்ணி கெட்டுடும். கடல் தண்ணியை அப்பப்போ மாத்து." நான் தலையை ஆட்டினேன். எந்தக் கையால் இறாலை நறுக்குவேன் என்று நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நீ போய்ச் சில வாரத்திற்குள் அப்பா கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டுவிட்டது, பேச்சும் போயிற்று. லஸ் பகுதியிலிருந்து வந்த டாக்டர், ஆளை அசைக்கக் கூடாது, ரயில் பிரயாணம் நினைத்தே பார்க்கக் கூடாது என்றார். எல்லாரும் கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் மட்டும் அந்தத் தெருவில் தங்கியது அப்படித்தான். தைரியத்தினால் இல்லை.

காற்று வருகிற அறை முன்னறைதான் என்று அவர் கட்டிலை அங்கேதான் போட்டோம். தொட்டியை நகர்த்த முடியவில்லை. தண்ணீர் நிறைந்த தொட்டி, கீழே மணல், கல் எல்லாம். நான் ஒருத்தி என்ன செய்ய? கட்டிலில் படுத்தால் தலை திரும்புகிற பக்கம் தொட்டிதான் தெரியும். அப்பா இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டுத் தொட்டியை மூடினேன். கையைக் கீழே போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இரை விஷயத்தில் முதலில் நான் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். சாதப் பருக்கையை உதிர்த்துப் போட்டேன். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட அந்த முரட்டு மீன் பாய்ந்து வந்து வாயில் வாங்கும், உடனே துப்பும். திரும்ப வாங்கும், திரும்பத் துப்பும். மற்றவை கிட்டே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். இட்லியை உதிர்த்துப் போட்டேன். வேக வைத்த பருப்பை நசுக்கிப் போட்டேன். மறுநாள் தொட்டி அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப் போயிற்று. நாற்றம் வேறு. சின்னதாக வெள்ளி மாதிரி மின்னுமே, அந்த மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. அவற்றை முருங்கை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் புதைத்தேன். அழுதேன் என்று சொல்ல மாட்டேன். எரிச்சலாக இருந்தது. வீட்டில் கிடக்கிற மனுஷருக்குக் கஞ்சி ஊட்டினால் பாதி கடைவாயில் வழிகிறது. இந்தப் பக்கம் இதுகளும் துப்புகின்றன. யாருக்கு எது உள்ளே இறங்கும் என்று கண்டுபிடிப்பதே என் பிழைப்பாகிப் போயிற்று.

கன்னியம்மாவை நீ பார்த்ததில்லை. ஊரூர் குப்பத்து மீன்காரி. அடையாறு பாலம் தாண்டி சாந்தோம் வரைக்கும் கூடை தூக்கிக்கொண்டு வருவாள். நம் தெருப் பக்கம் அவளுக்கு வேலை இல்லை. நான்தான் சாந்தோம் பக்கம் போய், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அவள் கூடைக்கு முன்னால் நின்றேன். என் மடிசாரைப் பார்த்து அவள் பயந்துபோனாள், வழி தப்பி வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். இறால் வேண்டும் என்றதும், "இன்னா மாமி, யாருக்கு?" என்றாள். மீனுக்கு என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க ஊட்ல நாங்க மீனைத் துன்னுவோம். மீனுக்கு ஆக்கிப் போட்டதில்ல. அதுக்கு இன்னா புடிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். ஆனாலும் மறுநாளிலிருந்து பின்பக்கத்துச் சந்து வழியாக வந்தாள். ஒரு இலையில் பொடி இறால், இன்னொரு நாள் மட்டிச் சிப்பி, கூடவே தலையில் ஒரு மண்குடம் நிறையக் கடல் தண்ணீர். "தண்ணியைக் கூட வாங்கற வூடு இதுதாம்மா" என்று சிரிப்பாள்.

முதல் நாள் கிணற்றடியில் உட்கார்ந்து, துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம், பழைய பேனாக்கத்தியால் அந்த இறாலைத் தொட்டபோது வாந்தி எடுத்தேன். கன்னியம்மா சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "குடு மாமி, நான் அரிஞ்சு தர்றேன்" என்றாள். அன்றைக்குக் கொடுத்தேன். ஆனால் அவள் ஒருநாள் வருவாள், இரண்டு நாள் வர மாட்டாள். அதனால் நானே செய்யப் பழகினேன். தோலை உரித்து, தலையைக் கிள்ளி, எள்ளளவு எள்ளளவாக நறுக்க வேண்டும். மீனின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் துண்டு. நறுக்கியதைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டுப் போட்டால் தொட்டி கலங்காது. முடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். இப்போது முட்டி இப்படிப் பிடித்துக்கொண்டு கிடப்பது அந்தக் குளியல்களால்தான் என்று நினைக்கிறேன்.

தொட்டியை மூடிய துண்டு எப்போது விலகியது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பின்கட்டிலிருந்து வந்து பார்த்தால் தரையில் கிடக்கிறது. ஜன்னல் காற்றில் விழுந்திருக்கலாம். அவர் கை நீளும் தூரம்தான், அதுவும் இருக்கலாம். அப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் துண்டை எடுத்து மறுபடி போடப் போனேன். கட்டில் சட்டத்தில் இடது கையால் டொக் டொக் என்று தட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். துண்டை மடித்து அலமாரியில் வைத்தேன்.

அதற்கப்புறம் அந்த அறையில் எனக்கு ஒரு மேஸ்திரி வந்து சேர்ந்தார் என்று வைத்துக்கொள். நான் இறால் கிண்ணத்தோடு வந்தால் போதும், அவர் தட்ட ஆரம்பிப்பார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கோபம்தான் வந்தது. "ஏன்னா, கஞ்சி குடிக்கச் சொன்னா வாயைத் திறக்கறதில்லை, மீனுக்கு மட்டும் அதிகாரமா?" என்று கத்தினேன். பிறகு நானும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். நாள் பூராவும் படுத்துக்கொண்டு அவர் பார்த்திருந்தது எனக்கு நின்று பார்க்க நேரமில்லாதது. அந்தப் பட்டை மீன் இருக்கிறதே, அது ஜன்னல் பக்கத்து மூலையைத் தன் வீடாக வைத்துக்கொண்டு, விழுகிற இரையை எல்லாம் தானே விழுங்கிவிடும். வயிறு புடைத்து, பின்னால் கழிவு நூல் மாதிரி தொங்க நீந்தும். மற்றவை கல்லுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். அப்பா முதலில் ஜன்னல் பக்கம் விரலை நீட்டுவார். அங்கே ஒரு சிட்டிகை போட்டால் முரடன் அங்கே ஓடிவிடும். அது மெல்லுகிற நேரத்தில் விரலைச் சுவர் பக்கம் திருப்புவார். மற்றவற்றுக்கு அங்கே போட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. எனக்கு இது தோன்றியிருக்காது.

அடியில் மணலோடு மணலாகக் கிடக்குமே, உளுவை, அதற்கு மேலிருந்து மிதந்து வருவது எதுவும் கணக்கில்லை. கீழே வந்து விழுந்து, ஆட்டமெல்லாம் அடங்கின பிறகுதான் நகரும். வாய் நிறைய மணலை அள்ளும், மென்று மென்று செவுள் வழியாக மணலை மட்டும் கொட்டிவிட்டு இரையை வைத்துக்கொள்ளும். அப்பா முதல் முதலில் சிரித்தது அதைப் பார்த்துத்தான். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று, ஆனாலும் அது சிரிப்புத்தான். இரை போட்ட உடனே மிச்சத்தை வழித்து எடுத்துவிடுவேன் நான், நீ சொல்லியிருந்தாயே. அவர் தட்டித் தட்டி என்னை நிறுத்தி வைப்பார். உளுவை சாப்பிடட்டும், அப்புறம் எடு என்று. அந்த அறையில் நான் இறால் கையோடு நின்றுகொண்டிருப்பேன், அவர் படுத்திருப்பார், இரண்டு பேரும் உளுவைக்காகக் காத்திருப்போம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தது அதுதான் என்று தோன்றுகிறது. அவர் கோர்ட்டுக்குப் போனார், நான் சமைத்தேன், உன்னை வளர்த்தோம். எல்லாம் தனித்தனியாக.

கடல் குதிரைதான் எங்களை ரொம்பப் படுத்தியது. செத்த இரையை அது திரும்பிக்கூடப் பார்க்காது. மூக்குக் குழாய்க்கு முன்னால் உயிரோடு ஏதாவது துடித்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் கண்ணை உருட்டும், டப்பென்று உறிஞ்சும். ஒரு தடவை உறிஞ்சினால் போதாது, வயிறு என்று ஒன்று இல்லாத மாதிரி பகல் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். கன்னியம்மா ஆற்று முகத்துவாரத்தில் புடவைத் துணியை விரித்துப் பிடித்து உயிருள்ள கூனி இறாலைக் குடத்தில் கொண்டுவருவாள். "இது இன்னா மாமி, எங்க வூட்டு மாப்பிள்ளையாட்டம் கீது! உசிரோட துடிச்சாத்தான் துன்னுமாம்" என்பாள். மழைக்காலம் வந்து ஆற்றில் வெள்ளம் புரண்டது. முகத்துவாரம் முழுக்கச் செம்மண் தண்ணீர், கூனி ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வெறுங்குடத்தோடு வந்து சந்தில் நின்றாள். அந்தக் கடல் குதிரை வாலைக் குச்சியில் சுற்றிக்கொண்டு, முன்னால் போட்ட இறால் துண்டுகளைப் பார்க்காமலே இளைத்து இளைத்துப் போய்விட்டது. அப்பா அன்று முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்துவிட்டேன். என்னிடம் ஆறுதல் சொல்லத் தெம்பு இல்லை.

ஊர் கொஞ்சம் தெளிந்து ஜனங்கள் திரும்பி வர ஆரம்பித்தபோது உன் சித்தப்பாவும் வந்தார், அண்ணாவைப் பார்க்க. வாசல் தாண்டியதுமே மூக்கை உறிஞ்சினார். என் கெட்ட காலம், அன்றைக்குப் பார்த்துக் கிண்ணத்தை ஜன்னல் மேடையில் வைத்திருந்தேன்.

"மன்னி, இது என்ன நாத்தம்?"

"மீனுக்கு இறால் நறுக்கினேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணா படுத்துண்டிருக்கற ரூம்ல இறாலா? எழுந்திருக்க முடியாத மனுஷன் பக்கத்துல இப்படிப் பண்ண உங்களுக்கு எப்படி மனசு வந்தது? பேச முடியாதுங்கற தைரியமா? அந்தப் பையன் செஞ்ச வேலை, அதுக்கு நீங்களும் துணை. இப்பவே இதைத் தூக்கித் தெருவில் கொட்டறேன் பாருங்கோ" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

நான் தடுக்கவில்லை மணி. உண்மையைச் சொல்கிறேன், கொட்டினால் கொட்டட்டும், என் குளியலாவது மிச்சம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் கட்டிலில் சத்தம் கேட்டது. அப்பா சட்டத்தைத் தட்டினார். அது வழக்கமான தட்டு இல்லை, கை உடைந்துவிடும் போல அடித்தார். சித்தப்பா திரும்பினார். அப்பா வாயைத் திறந்தார், எச்சில் வழிந்தது. நாக்கு புரளவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. கடைசியில், "இ... ருக்கட்டும்" என்றார்.

"அண்ணா, இது இறால்! உனக்குத் தெரியறதா? நம்மாத்துக்குள்ளே இறால்!"

"இருக்... கட்டும்." இந்தத் தடவை கொஞ்சம் தெளிவாகவே வந்தது. பிறகு இடது கையைத் தூக்கி வாசல் பக்கம் காட்டினார். தம்பிக்குத்தான் அப்படி வாசலைக் காட்டினார். உன்னை அனுப்பிய அதே வாசல்.

சித்தப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அப்பா பக்கத்து உறவு அறுந்தது அன்றுதான். உன்னால் அறுந்தது என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாய். அதற்கு நான் பொறுப்பில்லை, நீயாக நினைத்துக்கொண்டது. அவர் போன பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. முகத்தைத் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் பக்கம் விரலை நீட்டினார். இரை போடுகிற வேளை தாண்டிவிட்டிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் கன்னியம்மாவின் புருஷன் வலையில் ஒரு மீன் சிக்கியது. உள்ளங்கையளவு, மஞ்சளும் வெள்ளையும், கண்ணுக்கு மேல் கறுப்புக் கோடு, கூரான சின்ன மூக்கு. "ஐயிருக்குக் காட்டு மாமி, படுத்துக்கினே கீறாரே பாவம்" என்று குடத்தில் போட்டுக் கொண்டுவந்தாள். வண்ணத்துப்பூச்சி மாதிரி இருந்தது. ஆனால் இரை எடுக்கவில்லை. இறாலை எத்தனை பொடியாக நறுக்கிப் போட்டாலும் மூக்குக்கு முன்னால் விழுவதைப் பார்த்துவிட்டு விலகிப் போகும். மட்டிச் சதையும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் முதுகு கத்தி மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. அப்பாவும் அதே சமயத்தில் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

ஒரு காலை வேளை, அப்பா தட்டினார். கிட்டே போனேன். "கல்" என்றார். காலா, வலிக்கிறதா என்று பிடித்துவிட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "கல்... கல்லு" என்று தொட்டியைக் காட்டினார். எனக்குப் புரிய ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த மீன் பகல் முழுக்கத் தொட்டிக்குள் இருக்கிற கல்லைத்தான் கொத்திக்கொண்டிருந்தது. இடுக்கு இடுக்காக மூக்கை விட்டுக் கொத்தும். மிதந்து வருவது அதற்கு இரையாகவே தெரியவில்லை. கல்லில் ஒட்டியிருப்பதுதான் அதற்குச் சாப்பாடு. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கன்னியம்மாவைக் கடல் கல் ஒன்று, சொரசொரவென்று ஓட்டை விழுந்தது, கொண்டுவரச் சொன்னேன். மட்டியை அம்மியில் வைக்க மனசு வரவில்லை, துவைக்கிற கல்லில் வைத்து நசுக்கினேன். அதை அந்தக் கல்லின் ஓட்டைகளில் விரலால் அப்பி, மெதுவாகத் தொட்டிக்குள் இறக்கினேன். முரட்டு மீனை ஜன்னல் மூலைக்கு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

அது உடனே வரவில்லை. கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. மறுபடி வந்து ஒரு ஓட்டையில் மூக்கை விட்டது, எடுத்தது. அப்புறம் கொத்த ஆரம்பித்தது பார், நிறுத்தவே இல்லை. வெளியே எடுக்கிற சதைத் துணுக்கு கண்ணாடி வழியாகத் தெரிகிறது. அப்பா, "சாப்ட்டுது" என்றார். திக்கவில்லை. நீ ஊரில் இருந்தபோது அவர் பேசுவாரே, அந்தக் குரலில். "சாப்ட்டுது" என்று இன்னொரு தரம் சொன்னார். அவர் கண் ஓரம் ஈரமாக இருந்தது. கட்டிலில் கிடக்கிறவர்களுக்கு எப்போதுமே கண்ணில் நீர் வழியும், அதனால் அதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்குக் கஞ்சி ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். அதற்குப் பிறகு நான் அவர் வாயிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்பே போய்விட்டார்.

உனக்குக் கொடுத்த தந்தி எந்தத் துறைமுகத்தில் கிடந்ததோ. உறவு அறுந்திருந்தாலும் கொள்ளி வைக்க மட்டும் சித்தப்பா வந்தார். வந்து சேர்ந்த உறவுக்காரர்கள் காரியம் நடக்கிற வீட்டில் இறால் வரக் கூடாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நாட்களில் தொட்டி இரை இல்லாமல் கிடந்தது. உளுவைதான் முதலில் போயிற்று. மிச்சம் இருந்தவற்றையாவது பிழைக்க வைக்கலாம் என்று, எல்லாரும் கிளம்பிப் போன அன்று நானும் கன்னியம்மாவும் அவற்றைக் குடத்தில் எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் குப்பத்துக்குப் போனோம். கல் இருக்கிற பக்கமாகப் பார்த்து அவள்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குடத்தைச் சாய்த்தாள். "போச்சு மாமி" என்று கையை உதறினாள். பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது. தொட்டியில் வளர்ந்தவை கடலில் என்ன செய்யும் என்று உனக்குத்தான் தெரிந்திருக்கும். அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்து எனக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தாள். குடித்தேன்.

நீ திரும்பி வந்த அன்று, அப்பா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா என்று கேட்டாய். இல்லை என்றேன். அது நிஜம். உன் பெயரை அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லையா, சொல்லப் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்குத் தெரியாததை எப்படி எழுதுவேன்? அவர் "சாப்ட்டுது" என்றது மீனைத்தான். ஆனால் அது உன்னுடைய தொட்டி. அதற்காகத் தம்பியை வாசலைக் காட்டி அனுப்பினார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை உன்னிடம் விட்டுவிடுகிறேன். நான் ஒருத்தியாக இதைச் சுமந்து அலுத்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. குடும்பம் நடத்துவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம், அதுவும் காலம் கடந்து தெரிந்தது. லீலா அவள் வீட்டுச் சாப்பாட்டை எனக்காகவோ உனக்காகவோ விட வேண்டாம். விடுகிறேன் என்று அவளே சொன்னாலும் நீ ஒத்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் விடுவாள், அப்புறம் இளைத்துப் போவாள், ஏன் என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நீ ஆபீஸிலிருந்து வந்தால் அவள் என்ன செய்கிறாள், எதைத் தொடாமல் ஒதுக்குகிறாள் என்று கொஞ்சம் உட்கார்ந்து பார். பார்ப்பதற்காகப் படுத்த படுக்கையாக வேண்டியதில்லை. அவளும் உன்னை அப்படிப் பார்க்கட்டும்.

கல்யாணத்தில் என்னை முன்னால் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் வேண்டாம். தாலி இல்லாதவள் முன்னால் நின்றால் பேசுவதற்கு அங்கேயும் நாலு பேர் இருப்பார்கள், மலையாளத்தில் பேசுவார்கள், அவ்வளவுதான். சாய்வுள்ள நாற்காலியாக ஒன்று போட்டு வை, முட்டி மடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறுகிறேன். தனியாகத்தான் வருகிறேன், பயமில்லை. வழியில் கட்டுச்சாதம் எதுவும் எடுத்துவரப் போவதில்லை, ஸ்டேஷன் சாப்பாடும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் லீலாவிடம் சொல்லி வை. அவர்கள் வீட்டு அடுப்பிலேயே கொஞ்சம் சோறு வடித்து, ஒரு கிண்ணம் மோரும் வைக்கட்டும். தனிப் பாத்திரம் வேண்டாம். நான் பசியோடு வந்து இறங்குவேன்.

அம்மா